நளன் கதையும் துயர் நீக்கமும்

நளன் வரலாற்றைக் கேட்டாரைக் கலி அணுகான் என்பது வழிவழியாக வருவதோர் உரை. மாபாரத வனபருவத்தில், நளனை விட்டு நீங்குங் காலத்துக் கலிதானே இவ்வுறுதியை அவனுக்கு அளிக்கின்றான். புகழேந்திப் புலவரின் நளவெண்பாவிலும் இது கலியின் வாய்மொழியாகவே அமைந்துளது. திருநள்ளாற்றுத் தலவரலாறு கலியைச் சனியெனக் கொண்டு, நளன் ஆண்டு இறைவனை வழிபட்டு அத்தொடர்ச்சியினின்றும் நீங்கினான் என்று கூறும். சனியால் இடர்ப்படுவோர் அக்கதையைப் படித்தலும் படிக்கக் கேட்டலும் தமிழ்மக்களிடைப் பயின்ற வழக்கம்.

இவ்வுரையைக் குறித்து இருவேறு கொள்கையினர் உளர். ஒரு சாரார், கதையின் சொற்கள் மந்திரம்போல் நின்று தாமே பயன்தரும் என்பர். பொருளுணர்ச்சி வேண்டப்படுவதன்று என்பது அவர் கருத்து. மற்றொரு சாரார், நூல்தோறும் இறுதியிற் கூறப்படும் பயன்போல் இதுவும் வெற்றுப் புகழுரையே என்பர். இவ்விரு திறத்தாரும் கதையினுட் புகுந்து நோக்கிற்றிலர். கதை தன் பயனைக் கூறிவிட்டு வாளா செல்வதன்று. அப்பயன் எவ்வாறு விளையும் என்பதைத் தன்னுள்ளேயே நிகழ்ச்சிகளால் விளக்கிக் காட்டுவது. அதனை ஆராய்தலே ஈண்டுச் செய்யத்தக்கது.

முதற்கண், கதை யாருக்குச் சொல்லப்பட்டது என்பதை நோக்குக. சூதில் நாடும் பொருளும் தோற்று, மனையாள் அவையில் இழிவுபடக் கண்டு, 12 ஆண்டு வனவாசம் மேற்கொண்ட தருமனே கேட்போன். அருச்சுனன் பாசுபதம் பெறுதற்குச் சிவபெருமானை நோக்கித் தவஞ்செய்யச் சென்றுவிட்டான். அவன் பிரிவு ஏனையோரை வாட்டுகின்றது. வீமன் தமையனது சூதாட்டத்தையே குறித்து இடித்துரைக்கின்றான். அவ்வேளையிற் பிருகதசுவ முனிவர் வருகின்றார். புகழேந்தியார் இவ்விடத்து வேதவியாசரையே வருவித்தார். ஆசிரியர் மாறினும் கேள்வி மாறிற்றில்லை. உலகில் தன்னைப்போல் இடருற்றார் பிறர் உளரோ என்பதே தருமன் வினா.

இவ்வினாவை உற்று நோக்கின் அது வினாவன்று, அரற்று என்பது விளங்கும். விடையை நாடிக் கேட்பவன் பிறரை நோக்குவான். அரற்றுவோன் தன்னையே நோக்குவான். பெருந்துயருற்ற உயிரின் இயல்பு இது. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் தன்மை என்பது சித்தாந்தம். படிகம் அடுத்த பொருளின் நிறத்தைத் தன்னிறமாகக் கொள்வதுபோல், துயரைச் சார்ந்த உயிர் துயரேயாய் நிற்கும். அந்நிலையில் அதற்குத் தான் வேறு, தனக்கு நேர்ந்தது வேறு என்னும் பகுப்புத் தோன்றாது. நேர்ந்தது முடிந்த நிகழ்ச்சியாகாமல், நாடோறும் நிகழ்ந்துகொண்டேயிருக்கும்.

இனி, முனிவர் கதை சொல்லியது, தருமனினும் மிக்க துயருற்றான் ஒருவனைக் காட்டி ஆற்றுவித்தற்பொருட்டே என்பது பலரும் கூறும் விளக்கம். அதற்கு மூலத்திலேயே சார்பு உண்டு. நின்னினும் இடருற்றான் ஒருவன் கதையைச் சொல்வல் என்றே முனிவர் தொடங்குகின்றார். நினக்குத் தம்பியரும் அந்தணரும் துணையாக உளர், அவனுக்கு அவ்வாறு ஒருவரும் இலர் என்றும் ஒப்பிடுகின்றார். ஆயினும் இவ்விளக்கம் கதையின் பயன் முழுவதையும் அடக்கமாட்டாது. என்னை? அவ்வொப்புமையை முனிவர் முதலிலேயே சில சொற்களில் முடித்துவிட்டார். நிடத நாட்டு வேந்தன் ஒருவன் புட்கரனிடம் சூதில் தோற்றுத் துணையின்றிக் காட்டில் உழன்றான் என்பதனோடு அது நிறைவுறுகின்றது. தருமனோ அதனால் ஆறுதலடைந்தானில்லை; அக்கதையை விரிவாகக் கேட்க விரும்புகின்றேன் என்றான். அதன்பின்னரே கதை பல படலங்களாக விரிகின்றது. பிறர் துயர் பெரிது என்னும் அறிவு துயருற்றானை ஆற்றுவிக்க வல்லதாயின், அச்சுருக்கமே அமையும். அது அமையாமையின், ஆறுதல் தருவது ஒப்புமையன்று, விரித்துரைத்தலே என்பது பெறப்படும். நின்னினும் துயருற்றார் பலர் என்று ஒருவனிடம் கூறுவது, உன் துயரைப் பேசற்க என வாயடைத்தலாகவும் முடியும்.

விரித்துரைத்தல் யாது செய்கின்றது என்பதற்கு நளனே சான்று. தமயந்தியைக் காட்டில் நள்ளிரவில் நீத்துச் சென்றவன், காட்டுத்தீயிற் சிக்கிய கார்க்கோடகன் என்னும் நாகத்தைக் காத்தான். அஃது அவனைக் கடித்தது. அவன் உருத் திரிந்தது. அந்நஞ்சு நளனை வருத்தாது, அவனுள் உறையும் கலியையே வருத்தும் என்று நாகம் கூறிற்று. பிறர் அறியாவண்ணம் மறைந்திருக்கும் ஓர் உருவே அவனுக்கு மருந்தாக அளிக்கப்பட்டது என்பது ஈண்டுக் கருதற்பாலது. நளன் என்னும் பெயரொடு நின்று தன் செயலைப் பேசுதல் அவனால் அப்பொழுது இயலாது. வாகுகன் என்னும் பெயரொடு நின்றக்கால் அஃது இயலும்.

அயோத்தியில் இருதுபன்னனிடம் தேர்ப்பாகனாய் அமர்ந்த வாகுகன், மாலைதோறும் தமயந்தியை நினைந்து ஒரு பாட்டினைப் பாடுவான். உடனுறையும் சீவலன் என்பான், நீ நினைந்து பாடும் அப்பெண் யாவள் என வினவினான். வாகுகன் தன்னைக் கூறவில்லை. பேதை ஒருவனுக்கு ஒரு மனைவி இருந்தனள். அவன் ஏதோ ஒரு காரணத்தால் அவளைப் பிரிந்தான். துயரால் அலையும் அவன் இரவுதோறும் அவளை நினைந்து இதனைப் பாடுவான் என்று விடையிறுத்தான். தன் வரலாற்றையே பிறனொருவன் கதையாக்கினான் என்க. இது பொய்யோ எனின், அன்று. நிகழ்ந்தது யாதும் மாறவில்லை; மாறியது இடம் ஒன்றே. தன்மையிற் சொல்ல வேண்டுவதைப் படர்க்கையிற் சொன்னான். படர்க்கையிற் சொல்லவே, அதுவரை தானேயாய் நின்ற துயர் தன் கண்முன் நிற்கும் பொருளாயிற்று. அவனைப் பேதை என்று அழைத்தற்கும் நெஞ்சம் துணிந்தது. அப்பேதையின்பால் இரக்கம் கொள்ளுதற்கும் இடம் உண்டாயிற்று. கற்பனை துயருற்றார்க்குச் செய்யும் முதல் உதவி இதுவே.

கதை இவ்வளவில் நின்றுவிடின், வாகுகன் மாலைதோறும் பாடிக்கொண்டே இருந்திருப்பான். துயரைப் படர்க்கையில் வைத்து நோக்குதல் வேண்டும். அங்கேயே வைத்து விடுதல் தீர்வாகாது. இதனைத் தமயந்தி நன்குணர்ந்தாள். அவள் நாடெங்கும் விடுத்த அந்தணர், நளனைக் கண்டீரோ என்று யாரையும் கேட்டிலர். துயிலும் மனைவியின் ஆடையைப் பாதி அரிந்துகொண்டு போன சூதனே, நீ எங்குச் சென்றாய் என்று முன்னிலைப்படுத்தும் சில மொழிகளையே அவைகள்தோறும் கூறினர். விடையிறுப்பான் எவனோ அவன் சொற்களைக் கேட்டு வருக என்பது அவள் கட்டளை. இருதுபன்னன் அவையில் ஒருவரும் விடை கூறிற்றிலர். பின்னர்த் தனியிடத்தில் வாகுகன் பன்னாதன் என்னும் அந்தணனை அணுகி, குலமகளிர் இடுக்கணுற்ற காலத்தும் தம்மைத் தாமே காப்பர், துயரால் நொந்த ஒருவனை அவள் வெகுளாளாக என்றான். அப்பொழுதும் அவன் மொழி படர்க்கையே. ஆயினும் கேட்பவள் ஒருத்தி உண்டு என்று அறிந்த பின்னர்ப் பிறந்த படர்க்கை அது. தோழி கேசினி அம்மொழிகளை மீண்டும் கூறுமாறு வேண்டியபோது, கூறியவாறே கண்ணீர் விட்டழுதான்.

இறுதியில் இருவரும் நேர்ப்பட்ட இடம் கதையின் உயிர்நிலை. தமயந்தி, நீயே நளன் என்று குற்றஞ்சாட்டினாளல்லள். துயிலும் மனைவியைக் காட்டில் விட்டுச் சென்ற அறவோன் ஒருவனை நீ எங்கேனும் கண்டதுண்டோ என்று வாகுகனை வினவினாள். அவன் கையாண்ட படர்க்கையையே அவளும் கையாண்டு, அதனைக் கடக்கும் உரிமையை அவனுக்கே விட்டாள். அதன்பின்னரே அவன், நாடிழந்ததும் நின்னை நீத்ததும் யான் என் இயல்பாற் செய்தனவல்ல, கலியாற் செய்தன என்று தன்மையில் நின்று உரைத்தான். சீவலனுக்குப் படர்க்கை, அந்தணர் வாயிலாக முன்னிலை, மனையாள்முன் தன்மை எனக் கதை மூவிடத்தையும் கடந்து முடிகின்றது. தருமன் முதலில் தன்மையில் நின்று அரற்றினான். நளனோ படர்க்கை வழியாக மீண்டு தன்மையில் நின்று உரைத்தான். முன்னது துயரில் அழுந்தல். பின்னது துயரைக் கடத்தல். இரண்டும் தன்மையே ஆயினும், இடையில் ஒரு கதை நின்றமையால் வேறாயின.

இவ்விடத்துப் புகழேந்தியார் செய்த புதுமை பாராட்டற்குரியது. வடநூலில் வாகுகன் தன் மக்கள் இருவரையும் கண்டு தழுவி அழுது, இவர்கள் என் மக்களை ஒத்தலின் அழுதேன் என்று கேசினிக்குக் கூறுவதோடு அமைகின்றான், மக்கள் பேசிற்றிலர். தமிழ்ப்புலவரோ மக்களைப் பேசவைத்தார். மடையனாய் நின்ற தந்தை, உங்கள் நாட்டைப் பிறனாள நீங்கள் ஈண்டு வந்துறைதல் இழிவன்றோ என்று வினவுகின்றான். தன்முன் நிற்பவன் தந்தையென்று அறியாத மகன், சினந்து தன் தந்தையின் பெருமையை எடுத்துரைத்து, அவனுக்கு வாய்மையே வலியென்று கூறுகின்றான். துயருற்றான் தன் கதையைப் பிறர் வாயிற் கேட்கின்றான். அங்ஙனம் கேட்குமிடத்து, தான் சொல்லிவந்த கதையில் இல்லாத ஒன்றைக் கேட்கின்றான். சீவலனிடம் அவன் தன்னைப் பேதையென்றான். மகன் அவனை வாய்மையன் என்றான். நாடிழந்ததற்குச் சூது காரணமாகத் தோன்றியது தந்தைக்கு; சொன்ன சொல்லைக் காத்தல் காரணமாகத் தோன்றியது மகனுக்கு. தன் கதையைத் தானே சொல்லுவோன் இழிவை மட்டும் கண்டு சொல்லக்கூடும் என்பதும், கேட்டோர் அதனை மீளச் சொல்லுங்கால் இழந்த பெருமை திரும்பும் என்பதும் இக்காட்சியால் விளங்குகின்றன. மூலத்தினும் தமிழ் நூல் இவ்வொரு துறையில் ஆழ்ந்தது எனலாம்.

துயர் நீங்குதற்கு அழுகை மட்டும் அமையாது, அறிவும் வேண்டும். இருதுபன்னனொடு தேரிற் செல்லும் வழியில் நளன் ஒரு தான்றி மரத்தைக் காண்கின்றான். அதன் காய்களின் தொகையை அரசன் நோக்கிய அளவிற் கூறினான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்த்து உண்மையெனக் கண்டு, குதிரை நூலைக் கொடுத்துக் கவற்றின் நூலை அவனிடம் பெற்றான். பெற்றவுடன் கலி நீங்கினான். வடநூலின்படி அத்தான்றி மரத்திலேயே புகுந்தான். பண்டைநாளிற் கவறாகப் பயன்பட்டவை தான்றிக்காய்களே என்பதை அறிந்தார்க்கு இந்நிகழ்ச்சியின் நுட்பம் புலனாம். நளன் தன்னைக் கெடுத்த பொருளை அஞ்சி ஓடவில்லை. அதன் அருகே நின்று ஒவ்வொன்றாக எண்ணினான். எண்ணி அறியப்பட்ட பின்னர் அஃது அவனை ஆட்டுவிக்கும் வலியை இழந்தது.

இதனை முனிவர் தருமன்பாலும் செய்து முடித்தமை காண்க. கதை முடிந்தபின் அவர், யாரேனும் மீண்டும் சூதுக்கு அழைப்பரோ என்னும் அச்சம் நின்பால் உளது, அதனை யான் நீக்குவல் என்று கூறிக் கவற்று நூலை அவனுக்கு உணர்த்தினார். தருமன் உள்ளத்துப் புண் எங்குளது என்பது அப்போதே வெளிப்பட்டது. நாடிழந்ததினும், இனியும் இழப்போமோ என்னும் அச்சமே அவனை வருத்தியது. அக்கதையைக் கேட்ட பின்னரன்றி அவ்வச்சம் பெயரிட்டு உரைக்கப்படவில்லை.

கதையின் வித்து 13ஆம் ஆண்டில் முளைக்கின்றது. விராடன் நகரில் மறைந்துறைந்த காலத்துத் தருமன் கங்கன் என்னும் பெயரோடு, அரசனுடன் கவறாடும் தோழனாகவே அமர்ந்தான். தன்னைக் கெடுத்த தொழிலே மறைவுக்குக் கருவியாயிற்று. வீமன் மடைத்தொழில் பூண்டான். நகுலன் குதிரை காத்தான். இவ்விரண்டும் வாகுகன் அயோத்தியில் ஏற்ற தொழில்கள். தமயந்தி சேதி நாட்டு அரண்மனையில் வண்ணமகளாய் உறைந்தாள். திரௌபதியும் விராடன் மனைவிக்கு வண்ணமகளாயினாள். கேட்ட கதை, நடத்தற்குரிய வழியாயிற்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. நளன் கதையைப் பாரதத்தில் இடையே செருகப்பட்ட கிளைக்கதை எனக் கழிப்பார் இவ்வியைபுகளை நோக்குவாராக. 1819ஆம் ஆண்டு பிரான்ஸ் பாப் என்னும் செருமானிய அறிஞர் நளன் கதையை மட்டும் பிரித்து இலத்தீன் மொழிபெயர்ப்புடன் இலண்டனில் வெளியிட்டார். மேனாட்டார் வடமொழி கற்றற்கு அப்பதிப்புப் பெரிதும் உதவிற்று. ஆயினும், பிரித்துப் படிக்குங்கால் அது காதலர் இருவர் கதையாய் நிற்குமன்றி, புண்பட்ட ஒருவனுக்குச் சொல்லப்பட்ட கதை என்பது மறைந்துவிடும்.

ஈண்டுச் சைவ நூலுணர்வுடையார் ஒரு தடை எழுப்புதல் கூடும். இன்பதுன்பங்கள் வினைப்பயனாய் நுகர்ந்தே கழியற்பாலன. கதை கேட்டலால் அவை நீங்கும் எனின், வினைக்கொள்கை பழுதாகாதோ என்பது. பழுதாகாது. கதை தருமனுக்கு ஒரு நாளையும் குறைத்ததன்று. 12 ஆண்டு காடும் ஓராண்டு மறைவும் அவன் நுகர்ந்தே கழித்தான். நளனும் காட்டில் விட்டுச் சென்ற இரவை இல்லையாக்கினானல்லன். நேர்ந்த துன்பம் ஒன்று. அதனைச் சார்ந்து அதுவேயாய் நின்று, அச்சத்தாலும் இகழ்ச்சியாலும் மேன்மேலும் துன்பத்தை ஈட்டுதல் வேறொன்று. முன்னது நுகர்ச்சி, பின்னதே கலியின் தொடர்ச்சி. கதை நீக்குவது பின்னதை. துயரைச் சார்ந்து அதன் வண்ணமாய் நின்ற உயிருக்குப் பிறிதொரு சார்பை அது காட்டுகின்றது. உயிர்க்கு முடிந்த சார்பு இறைவன் திருவடியே என்பதில் ஐயமில்லை. எனினும், தன் துயரினின்றும் கண்ணெடுக்கமாட்டாத ஒருவனை முதற்கண் நிமிர்ந்து நோக்கச் செய்வதும் அருளின் செயலே.

பிற்கால மருத்துவ ஆராய்ச்சியும் இதனோடு பெரிதும் ஒத்துச் செல்கின்றது. போர் முதலிய கொடுநிகழ்ச்சிகளுக்குப் பின் உள்ளத்தில் ஆறாது நிற்கும் புண்ணை அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் 1980ஆம் ஆண்டு தனி நோயாக ஏற்றது. வியட்நாம் போரிலிருந்து மீண்ட வீரர்க்கு மருத்துவம் செய்த ஜானதன் ஷே என்பார், ஹோமர் பாடிய இலியட் என்னும் கிரேக்கக் காப்பியத்தோடு அவர்தம் வரலாறுகளை ஒப்பிட்டு 1994ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். துயருற்றான் தன் கதையை அச்சமின்றிச் சொல்லவும், அதனைக் கேட்டோர் திரிபின்றிப் பிறர்க்கு உரைக்கவும் வாய்த்தல் வேண்டும் என்பது அவர் வற்புறுத்தும் கருத்து. வாகுகன், பன்னாதன், தமயந்தி என்னும் தொடர்ச்சியும் அதுவே. அந்தணன் வாகுகன் சொற்களைத் திரித்திருப்பின் கதை அங்கேயே முறிந்திருக்கும்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. கொடுநிகழ்ச்சி நேர்ந்த அண்மையிலேயே ஒருவனை ஒருமுறை இருத்தி, நேர்ந்ததனைத்தையும் சொல்வித்தல் நோயைத் தடுக்கும் என்று சிலகாலம் கருதப்பட்டது. 2002ஆம் ஆண்டு வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, அம்முறை நோயைத் தடுப்பதற்குச் சான்றில்லை என்றும், அதனைக் கட்டாயமாக்குதல் கூடாது என்றும் முடிவு கூறிற்று. நளன் கதையில் எவரும் அவனை வற்புறுத்தவில்லை என்பதை இதனோடு வைத்து நோக்குக. சீவலன் ஒருமுறை வினவி, கிடைத்த விடையோடு அமைந்தான். அந்தணர் மொழிகளைக் கூறிக் காத்திருந்தனர். தமயந்தி ஐயம் தெளிந்த பின்னரும் படர்க்கையிலேயே வினவினாள். கதை ஒரு வாயில். அதன்வழியே உள்ளிருப்பவன் தானே வெளிவருதல் வேண்டும். புறத்திலிருந்து இழுத்தலாற் பயனில்லை. ஆற்றொணாத் துயரம் உடையார்க்கு மருத்துவரும் வேண்டும். கதை மருத்துவத்திற்கு மாற்றன்று.

இங்ஙனம் ஆராயுமிடத்து, கேட்டாரைக் கலி அடையான் என்னும் உரை வெற்றுப் புகழ்ச்சியுமன்று. பொருளுணராது ஓதினும் பயக்கும் என்பதுமன்று. ஒருவன் நளன் கதையில் தன் கதையைக் காணவும், படர்க்கையில் நின்று அதனை எண்ணி அறியவும், அன்புடையார் முன்னிலையில் தன்மையில் நின்று அதனை உரைக்கவும் வல்லனாயின், கலி தங்குதற்கு அவன்பால் இடமில்லை. ஆதலின், துயருற்றார் இல்லத்தில் நளன் கதையைப் படிப்போர், விரைந்து முடித்துப் பயன் கூறி எழுதலை ஒழிக. கேட்போர் கண்கலங்கும் இடத்து நிறுத்துக; அவர் வினவும்வரை காத்திருக்க; அவர் யாரோ ஒருவன் கதைபோல் தம் கதையைச் சொல்லத் தொடங்கின், அது நீயோ என்று கேளாது, மேலே என்னாயிற்று என்று மட்டும் கேட்க. தருமனுக்குக் கதை சொன்ன முனிவர் உலகிற்குக் காட்டிச் சென்ற நெறி அதுவே என்க.